அந்தச் செடி வாடவில்லை

ஜன்னல் தொட்டிக்குச் செடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேரை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, நாற்றுப் பையைக் கவிழ்த்து லேசாகத் தட்டினால் மண் கட்டியாகக் கையில் வந்து இறங்கும். பண்ணைக்காரர் முறைப்பார், முறைத்துவிட்டுப் போகட்டும். வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் வாங்கலாம். பழுப்பேறி, தொட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால், மேலே எத்தனை பூ சிரித்தாலும் அந்தச் செடி போய்விட்டது என்று அர்த்தம். நான் பல் மருத்துவன். வாயைத் திறந்து காட்டுகிறவர்களிடமும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டேஷனுக்குள் வந்ததும் நீங்கள் என்னை உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, "மனசு விட்டுப் பேசுங்க டாக்டர், அழணும்னா அழுதுடுங்க" என்றீர்கள். மிக்க நன்றி. அழுவதற்காக நான் வரவில்லை. என் மச்சானுடைய சாவைப் பற்றி அன்று நீங்கள் சொன்ன வாக்கியத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன். அதை மட்டும் தனியாகச் சொன்னால் விளங்காது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்தீர்கள். கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல், படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மூன்றும் பின்பக்கத்து முற்றத்தைப் பார்க்கின்றன. காலையில் டீ குடித்து முடிக்கும்போது கூடத்து ஜன்னலுக்கு வெயில் வரும். பிற்பகல் வரை நகராது. மூன்றுக்கும் வெளியே மரத்தொட்டிகளை நானே செய்து மாட்டினேன். அடியில் துளை, துளைமேல் ஓட்டுச்சில்லு, அதன்மேல் சரளை, அதன்மேல் மண்ணும் மணலும் மட்கிய இலையும். பின்னால் நிமிர்ந்து நிற்கிற செடி, நடுவில் அடர்ந்து பரவுகிற செடி, விளிம்பில் வழிந்து தொங்குகிற செடி. மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்க வேண்டும். நாற்றுகளைப் பிரித்து நடுவதற்கு, சொத்தைப் பல்லைத் துழாவுகிற வளைந்த ஊசியைத்தான் பயன்படுத்துவேன். மயிரிழை வேர்கூட அறுந்ததில்லை.

கூடத்து ஜன்னலில் முன்பு கம்பி இருந்தது. அதன் நிழல் செடிகள்மேல் கோடு கோடாக விழுந்ததால் கழற்றச் சொன்னேன். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். அவள் என் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவாள். மாலையில் வீடு திரும்பியதும் நான் ஜன்னலோரம் போய் நிற்பேன். அவள் என் முதுகைப் பார்த்தபடி அன்றைய கதையெல்லாம் சொல்வாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு அவளுடைய அண்ணன் வந்தார்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டியவர். குழாயில் தண்ணீர் வராத தெருக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற லாரி. அதை ஓட்டித்தான் தங்கையைப் படிக்கவைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். தனக்கு ஒன்று செய்துகொள்ள மறந்துவிட்டார். கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் மாப்ளே" என்று ஒற்றைப் பையோடு வந்து, கூடத்தில் ஜன்னலுக்கு எதிரே இருந்த சோபாவில் படுத்துக்கொண்டார்.

அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். படியில் யார் பை தூக்கிக்கொண்டு வந்தாலும், அந்தக் காலோடு இறங்கிப் போய் வாங்கிக்கொள்வார். எனக்கு முகம்கூடத் தெரியாத வீடுகளிலிருந்து "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவரிடம் இருந்த ஒரே குறை, தாகத்தில் இருக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. எது எது தாகத்தில் இருக்கிறது என்பதை அவரே முடிவு செய்வார்.

முதலில் போனது நித்தியகல்யாணி. வெயிலில் நிற்கும், வறட்சியைத் தாங்கும், பூக்காத நாளே கிடையாது. அதற்கு ஆகாத ஒன்று, காலில் ஈரம். ஒரு மாலை நான் வந்து பார்த்தபோது தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மண்ணு காஞ்சு கெடந்துச்சு மாப்ளே" என்றார்.

மேல்மண் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்றும், ஊற்றுவதற்கு முன் விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினேன். அவர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். என் கண்ணெதிரே விரலை விட்டும் பார்த்தார்.

"ஆமா மாப்ளே, ஈரமாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா பத்துமா?"

செடிகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. அழுகிய வேரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். தன் தப்பைத் தானே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "மொதல்லயே இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கணும்" என்றார்.

பூவாளியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். டீ டம்ளரில் ஊற்றினார். டம்ளர்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வாய் கொப்பளிக்கிற கோப்பையில் ஊற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அந்த மாதங்களில் என் கீழ்வரிசைப் பற்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை வேண்டுமானால் காட்டுகிறேன்.

அடுத்து, செடியை மாற்றினால் பிரச்சினை தீரும் என்று நினைத்தேன். என் அனுபவத்தில் நோயாளியை மாற்ற முடியாது, சிகிச்சையைத்தான் மாற்ற முடியும். கள்ளிச்செடிகள் வாங்கினேன். உருண்டையாக ஒன்று, விரல் விரலாக ஒன்று, முயல் காது மாதிரி ஒன்று. நட்டு முடித்ததும் மச்சானைக் கூப்பிட்டு, இவற்றுக்குத் தண்ணீரே தேவையில்லை, பாலைவனத்தில் வளர்கிறவை என்று சொன்னேன்.

அவர் அந்த உருண்டைக் கள்ளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தேவையில்ல தேவையில்லன்னு சொல்லிச் சொல்லியே இதை இந்த நெலமைக்கு ஆளாக்கிட்டாங்க மாப்ளே" என்றார். "ஒடம்பெல்லாம் முள்ளு. எத்தன நாள் பொறுத்திருந்தா இப்படி ஆகும்."

கள்ளி அழுகினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளியே எதுவும் தெரியாது. ஒரு நாள் விரல் பட்டதும் உள்ளே போய்விடும்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். என் மனைவியும் சிரித்தாள். சமையலறை ஜன்னல் தொட்டியில் பிளாஸ்டிக் செடிகளை வாங்கி வைத்தேன். அவருடைய கை சும்மா இருக்காது. இதில் ஊற்றட்டும், மற்ற இரண்டு தொட்டிகளும் பிழைத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. அவர் அதற்கு முறையாகத் தண்ணீர் ஊற்றினார். மற்றதற்கும் ஊற்றினார். ஒரு நாள் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்.

"பாருங்க மாப்ளே, எல்லாம் போனாலும் இது மட்டும் எவ்வளவு தெம்பா நிக்குது. இதுக்குத்தான் நான் தவறாம ஊத்துறேன். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டேங்கறீங்க."

அன்று என் மனைவியிடம் பேசினேன். கோபமாகப் பேசவில்லை. உன் அண்ணன் வேறு எங்காவது தங்கினால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"எங்க போவாரு? அவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

"செடியெல்லாம் செத்துப் போகுது" என்றேன்.

"எங்க அண்ணன் ராத்திரி பகல்னு பாக்காம லாரி ஓட்டித்தான் நான் இங்க நிக்கிறேன். இப்பக் கேக்கறேன், நேராச் சொல்லுங்க. உங்களுக்கு எங்க அண்ணன் முக்கியமா, செடி முக்கியமா?"

நான் யோசித்தேன். ஒரு கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்வதுதான் மரியாதை. ஆனால் நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

மச்சான் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலை என் முன்னால் வந்து நின்று, தங்கச்சி தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றப் போவதில்லை. எனக்கு அவர்மேல் அன்று உண்மையான பாசம் வந்தது. ஆனால் பழகிவிட்ட கை எத்தனை நாள் சும்மா இருக்கும் என்ற சந்தேகமும் இருந்தது. அதனால் முன்ஜாக்கிரதையாக, தண்ணீரை விரும்புகிற செடியாகத் தேடிப் போனேன். சேம்பு. யானைக் காது மாதிரி இலை, சேற்றில்கூட நிற்கும். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். கூடத்துத் தொட்டியில் நட்டேன். இந்த மனிதருக்கு ஏற்ற செடி கடைசியில் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே நிம்மதி. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. எப்படியும் ஊற்றத்தானே போகிறார்.

நானும் மனைவியும் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டுத் திரும்பினோம். சேம்பு இலைகள் கருகி, காகிதம் மாதிரி ஜன்னல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. மச்சான் சோபாவில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை போலிருந்தது.

"நீங்கதானே மாப்ளே தொடக்கூடாதுன்னீங்க" என்றார். "கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன்." பிறகு அழுதார். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை, இப்படிச் சொன்னார். "இனிமே யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். உயிரே போனாலும் ஊத்துவேன்."

அந்த வார்த்தையைச் சொன்னது அவர். நான் இல்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன், அவர்மேல் எனக்கு அப்போதும் கோபம் வரவில்லை. வலிக்கிற பல்மேல் யாராவது கோபப்படுவார்களா? சரிசெய்யப் பார்ப்போம். அடைத்துப் பார்ப்போம். வேருக்கு மருந்து வைத்துப் பார்ப்போம். எதுவும் ஒத்துவராவிட்டால் எடுத்துவிடுவோம். எடுத்த பிறகு அந்த இடம் கொஞ்ச நாள் வெறுமையாக இருக்கும், நாக்கு அங்கேயே போய்ப் போய் வரும், பிறகு பழகிவிடும். இதை நான் சொல்லாத நாளில்லை. கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

நாற்றுப் பண்ணைக்குப் போனேன். இந்தமுறை பூவையும் பார்க்கவில்லை, வேரையும் முதலில் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய குணத்தைச் சொல்லிக் கேட்டேன். பார்த்தால் மனசு கேட்காத மாதிரி ஒரு செடி வேண்டும் என்றேன். பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ஓரத்தில் இருந்த காசித்தும்பையைக் காட்டினார்.

"இது இருக்கு சார். ஆனா ஒரு தொல்லை. மத்தியான வெயில் வந்தா தலையைத் தொங்கப் போட்டுடும். பாக்கறவங்க செத்துப் போச்சுன்னே நெனப்பாங்க. வேர்ல தண்ணி இருந்தாலும் அப்படித்தான். சாயங்காலம் தானா எந்திரிச்சுக்கும். தெரியாதவங்க என்கிட்ட சண்டைக்கே வந்துருக்காங்க."

வேரைப் பார்த்தேன். முதல்தரமான வேர். வாங்கிக்கொண்டேன்.

செடியைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இனி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடத்து ஜன்னல் தொட்டியை நீட்டிக் கட்டினேன். ஜன்னல் சட்டத்தைத் தாண்டி வலது பக்கச் சுவர்வரை போகிற மாதிரி. அந்தக் கோடியில் காசித்தும்பையைத் தனியாக நட்டேன். சோபாவில் அவர் தலைவைத்துப் படுக்கிற கோடியிலிருந்து பார்த்தால் அது சாய்வாகக் கண்ணில் படும். ஆனால் ஜன்னலிலிருந்து கை எட்டாது. இடுப்புவரை வெளியே சாய்ந்து, இடது கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றினால்தான் அவருக்கு எட்டும்; நான் அவரைவிட உயரம், ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே எட்டிவிடுவேன். கழியில் கோப்பையைக் கட்டி ஊற்றலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதை யோசித்தேன். மச்சான் அப்படிச் செய்ய மாட்டார். "தண்ணிய எறியக்கூடாது, பக்கத்துல போய்க் கையில குடுக்கணும்" என்பது அவருடைய கொள்கை. லாரி ஓட்டின காலத்திலும் வயதானவர்களுடைய குடத்தை அவரே இறங்கி நிரப்பிக் கொடுப்பாராம். நல்ல மனிதர்.

கடைசியாகத் தொட்டியைத் தாங்குகிற இரும்பு ஆங்கிள். வலது கோடியில் இருந்ததைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்துவிட்டு, பல்லுக்குத் தற்காலிகமாக அடைக்கிற சிமெண்ட்டை வைத்துத் திரும்ப ஒட்டினேன். அது நல்ல பொருள். பார்த்தால் கெட்டியாக இருக்கும். மண்ணோடு சேர்ந்து ஒரு தொட்டியின் பாரத்தைத் தாங்கும். அதை வைத்து அனுப்பும்போது எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவேன்: இந்தப் பக்கம் அழுத்தாதீர்கள், இது தாங்காது. மச்சானிடமும் சொன்னேன். ஒருமுறை அல்ல.

"மச்சான், இந்தத் தொட்டிமேல கை ஊன்றாதீங்க."

"சரி மாப்ளே" என்றார்.

"அந்தக் கோடியில இருக்கற செடிக்கு நானே காலையில தண்ணி விட்டுட்டேன். மத்தியானம் தொங்கும். அது அப்படித்தான். நீங்க ஊத்த வேணாம்."

"சரி மாப்ளே" என்றார். ஆனால் அவர் கண் அந்தச் செடியிலேயே இருந்தது.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாழ்நாளில் ஒரே ஒரு நாள் என் பேச்சைக் கேட்டிருந்தால், இப்போது நம் எல்லோருக்கும் டீ வாங்கி வரக் கிளம்பியிருப்பார்.

கீழே முற்றத்தில், நேர் அடியில், வாட்ச்மேன் தன் சைக்கிளை நிறுத்துவார். அன்று காலை கிளினிக்குக் கிளம்பும்போது அதை வேறு பக்கம் நிறுத்தச் சொன்னேன். அங்கே நாற்காலி போட்டு உட்கார வேண்டாம் என்றும் சொன்னேன். "கடவுளாப் பாத்து அன்னைக்கு டாக்டர் வாயால சொல்ல வெச்சாரு" என்று அவர் உங்களிடம் சொன்னாராம். அது நான் யோசித்துச் சொன்னது. மற்றவர்களுக்குச் சேதம் வரக்கூடாது என்று நினைக்கிறவன் நான்.

அது நடந்தபோது நான் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். வளைந்த வேர், பிடிவாதமான பல். முன்மேசையில் தொலைபேசி அடித்தது. என் மனைவி எடுத்தாள். பிறகு எதுவோ கீழே விழுகிற சத்தம், அவள்தான். நோயாளி எழுந்திருக்கப் பார்த்தார். தோளை அழுத்தி உட்காரவைத்தேன். பாதியில் விட்டால் ரத்தம் நிற்காது. எடுத்து முடித்து, பஞ்சு வைத்து, அரைமணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள், சூடாக எதுவும் குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அந்த இடம் நன்றாக ஆறிவிட்டதாக மறுபடி வந்தபோது சொன்னார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் ஏற்கனவே அங்கே இருந்தீர்கள். மச்சான் மேல் ஒரு போர்வை. தொட்டி பிளந்து, மண் முற்றம் முழுக்கச் சிதறியிருந்தது. என் மனைவி போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் மண்டியிட்டு மண்ணைத் துழாவினேன். நீங்கள் வந்து என் தோளில் கை வைத்தீர்கள். நான் அதிர்ச்சியில் இருப்பதாக நினைத்துவிட்டீர்கள். நான் காசித்தும்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. ஒரு கிளை மட்டும் ஒடிந்திருந்தது. வேர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, மெதுவாக, இரக்கத்தோடுதான் சொன்னீர்கள். "வாடிப்போன செடிக்குத் தண்ணி ஊத்தப் போயி உயிரை விட்டுட்டாரு, பாவம்."

வாடிப்போன செடி. அங்கேயே திருத்தியிருப்பேன், அது பேசுகிற நேரம் இல்லை.

ஆனால் அந்த வார்த்தை நின்றுவிட்டது. அடக்கத்துக்குக் கூட்டம் வந்தது. அவர் லாரி போன தெருக்களிலிருந்தெல்லாம் வந்தார்கள், வாசலில் இடம் இல்லாமல் படிவரை நின்றார்கள். ஒவ்வொருவரும் அவர் தங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் மாடி அம்மாள் என் காதுபடவே இன்னொருத்தியிடம் சொன்னாள்: "செடி வளக்கத் தெரியாதவங்க எதுக்கு வெக்கணும்? வாட விட்டுட்டு இவரு பாட்டுக்குப் போயிட்டாரு. அந்த மனுசன் பாத்துப் பொறுக்காமத்தானே எட்டிப் பாத்தாரு."

நான் பொறுத்துக்கொண்டேன். ஜனங்கள் நாலும் பேசுவார்கள்.

என் மனைவி பல நாள் என்னோடு பேசவே இல்லை. பிறகு ஒரு காலை, டீயை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க அந்தச் செடிக்கு ஒழுங்காத் தண்ணி ஊத்தியிருந்தா எங்க அண்ணன் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு."

என் மனைவியே அப்படி நினைத்துவிட்டாள். அன்று காலை நான் ஊற்றினேன் என்றேன். விரலை விட்டுப் பார்த்துத்தான் கிளம்பினேன் என்றேன். அவள் நம்பவில்லை. "அப்புறம் ஏன் வாடிச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் இருந்த நிலைமையில் அவளிடம் அதைச் சொல்வது ஈவிரக்கம் இல்லாத காரியம். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

இப்போது நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். எழுதுகிறவரும் எழுதுவதை நிறுத்திவிட்டார். உட்காருங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. ஆங்கிளைக் கழற்றியது நான். சிமெண்ட் வைத்தது நான். எட்டாத இடத்தில், கண்ணில் படுகிற மாதிரி, பார்த்தால் மனசு கேட்காத செடியை நட்டதும் நான்தான். மச்சான் விழ வேண்டும் என்று யோசித்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட நீங்கள் மாற்ற வேண்டாம். நான் கேட்பது, அந்தச் செடி வாடவில்லை. வேரில் ஈரம் இருந்தது. வெயிலுக்குத் தலை சாய்த்திருந்தது, அவ்வளவுதான். என் ஜன்னலில் எந்தச் செடியும் தண்ணீர் இல்லாமல் வாடியதாக யாரும் எழுதக்கூடாது. அந்தச் சேம்புகூட என் பொறுப்பில் இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அதைத் திருத்திவிட்டால் நான் கிளம்புகிறேன். வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். அண்ணன் போன பிறகு அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு, கூடத்தில் நான் புதிதாக மாட்டிய தொட்டியையும் சேர்த்து, மூன்று ஜன்னலுக்கும் அவளே தண்ணீர் ஊற்றுகிறாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மாலையிலும். படுக்கையறைத் தொட்டியில் புதிதாக நட்ட நித்தியகல்யாணி நேற்றே தலை சாய்ந்துவிட்டது. நான் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவளிடம் என்ன சொல்வது? ஆனால் அவள் அண்ணனைவிடக் குட்டை, கையும் அவ்வளவு நீளாது. அவள் உயரத்துக்கு எந்தச் செடி பொருந்தும் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.